பினாங்கில் தாங் செக்: நீண்ட இரவுக்கு உருண்டை உருட்டுவது எப்படி

சீனர் வீட்டில் சம்பந்தம் வைத்தவர்கள், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு பலகாரம் கொடுத்து வாங்குகிறவர்கள் என்று யாராவது ஒருவர் டிசம்பர் பிறந்ததும் என்னிடம் கேட்பார்கள்: "இந்தத் தாங் செக்குக்கு என்னதான் செய்யணும்?" வருடத்தின் மிக நீண்ட இரவை ஒட்டிச் சீனர்கள் கொண்டாடுகிற நாள்தான் தாங் செக். ஒட்டரிசி மாவை உருண்டையாக உருட்டி, இனிப்பு இஞ்சித் தண்ணீரில் போட்டுச் சாமிக்கும் முன்னோருக்கும் படைத்துச் சாப்பிடுவார்கள். நான் மலேசியாவில், பினாங்கில் ஒரு ஹொக்கியன் சீனக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட தமிழச்சி. மாமியாரின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். வேறு வீட்டில் வேறு முறை இருக்கும். அந்த வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் அங்கே சட்டம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் சமையல் கொஞ்சம்தான், உருட்டுவதுதான் பெரிய வேலை. அதைத் தனி ஆளாக உட்கார்ந்து செய்யக் கூடாது என்பதில் மாமியார் கறாராக இருப்பார். உருண்டை கோணலாக வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால்தான் கோபம் வரும். அதனால் மளிகை வாங்குவதற்கு முன்பே, முந்தின நாள் ராத்திரி எல்லோரும் வீட்டில் இருப்பார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் இதற்குப் பொது விடுமுறை கிடையாது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக உருட்டுவதை ஒன்பது மணிக்குத் தள்ளி வைக்கலாம், தப்பில்லை.

நாள் பார்ப்பது

சீனப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும். தாங் செக் அப்படி ஓடாது. சூரியனை வைத்துக் கணக்கிடுவதால் டிசம்பர் 21 அல்லது 22, அபூர்வமாக 23. மாண்டரின் பேசுகிறவர்கள் தோங்ஜி என்பார்கள். சீன நாட்காட்டியில் வருடத்தை 24 பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சூரியன் 15 பாகை நகர்ந்தால் ஒரு பருவம். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகிற இடத்திலிருந்து எண்ணி, அது 270 பாகைக்கு வந்து சேரும் கணம்தான் தோங்ஜி. இந்த 24 பருவக் கணக்கை 2016இல் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நமக்கு வேண்டியது தேதிதானே: 2026இலும் 2027இலும் டிசம்பர் 22, 2028இல் டிசம்பர் 21. சீன மருந்துக் கடையில் கொடுக்கிற நாள்காட்டியிலும் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு உபயோகமான கணக்கு: தாங் செக்குக்குப் பிறகு வருகிற இரண்டாவது அமாவாசை நாள்தான் பெரும்பாலும் சீனப் புத்தாண்டு. புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் வைத்துக் கொடுக்கிற அங் பாவ் காசுக்கு எத்தனை சம்பளம் மிச்சம் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

என் அம்மாவுக்கு இதில் ஒரு சந்தேகம். "சூரியன் வடக்கே திரும்புறது தை ஒண்ணாம் தேதிதானே? மார்கழி ஆறு, ஏழிலேயே இவங்க எப்படிக் கொண்டாடுறாங்க?" என்பார். கேள்வி சரியான கேள்விதான். சூரியன் தெற்கே போய்த் திரும்புவது வானத்தில் டிசம்பர் 21, 22இல்தான் நடக்கிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மகர ராசியைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திசை மாறுவதால், சுமார் 1,700 வருடங்களுக்கு முன்பு ஒன்றாக இருந்த இரண்டு நாட்களும் இன்றைக்கு மூன்று வாரத்துக்கு மேல் விலகி நிற்கின்றன. ஆக, பொங்கலும் தாங் செக்கும் ஒரே சூரியன் திரும்புவதற்கான இரண்டு நாட்கள். இதைச் சொன்ன பிறகு அம்மா, "அப்ப நம்ம பண்டிகைதான்" என்று முதல் ஆளாக உருட்ட வந்துவிடுகிறார்.

நீண்ட இரவு என்று பேர்தான். பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5 பாகை வடக்கே இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறைந்த பகலுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வித்தியாசம். குளிரும் கிடையாது, விசிறியைப் போட்டுக்கொண்டுதான் சுடச்சுட இஞ்சித் தண்ணீர் குடிக்கிறோம். ஃபூஜியானிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் குளிரை அங்கேயே விட்டுவிட்டு, அதற்கான மருந்தை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டார்கள்.

வாங்க வேண்டியவை

ஆறு பேருக்கும் சாமிக்கும் சேர்த்து ஒட்டரிசி மாவு 500 கிராம் போதும். நூறு உருண்டைக்கு மேல் வரும். இங்கே கடையில் தெப்போங் புளுட் என்று கேளுங்கள். தாய்லாந்திலிருந்து வருகிற மூன்று தலை யானை பாக்கெட்டில் பச்சை எழுத்து இருப்பதுதான் ஒட்டரிசி. சிவப்பு எழுத்து சாதா அரிசி மாவு. பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள், நிறத்தைப் பார்த்து எடுங்கள். இடியாப்ப மாவு, கொழுக்கட்டை மாவு எதுவும் இதற்கு ஆகாது. அந்த அரிசியில் இந்தப் பசை இல்லை, வெந்நீரில் போட்டதும் உதிர்ந்து கரையும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தாராளமாகச் சாப்பிடலாம். பசை என்றாலும் இதில் குளூட்டன் கிடையாது.

அப்புறம் முற்றிய இஞ்சி 100 கிராம், பண்டான் இலை (ரம்பை இலை) ஆறு, சர்க்கரை 300 கிராம், சிவப்பு உணவுச் சாயம் ஒரு சின்னப் புட்டி. இளம் இஞ்சி வேண்டாம், தொண்டையில் காரம் நிற்காது. சர்க்கரைக்குப் பதில் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் போடுகிறவர்கள் உண்டு. மணம் அருமையாக இருக்கும், ஆனால் தண்ணீர் பழுப்பாகி உருண்டையின் வெள்ளையும் சிவப்பும் மங்கிப்போகும். எங்கள் வீட்டில் சாமிக்கு வைக்கிற கிண்ணத்துக்கு வெள்ளைச் சர்க்கரை அல்லது கற்கண்டுதான்.

பிசைய நேரமில்லை என்றால் அந்த வாரம் ஈரச் சந்தைகளில் பிசைந்த மாவை நிறம் நிறமாக நிறுத்து விற்பார்கள். புலாவ் திக்குஸ் சந்தைப் பக்கம் காலையிலேயே போனால் கிடைக்கும். அதை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. உறைபெட்டியில் கிடைக்கிற, உள்ளே எள்ளும் கடலையும் வைத்த உருண்டைகளை மட்டும் இதற்கு நான் வாங்க மாட்டேன். ருசியில் குறையில்லை, ஆனால் உருட்டுகிற வேலையே போய்விடுகிறதே. பினாங்கு ஹொக்கியன் வீடுகளில் குவே ஈ என்றால் உள்ளே ஒன்றும் வைக்காத, கோலிக்குண்டு அளவு உருண்டைதான்.

பிசைவது

மாவை அகலமான பாத்திரத்தில் கொட்டி, 400 மில்லி தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசியை ஊற்றிப் பிசைந்துவிட்டு, மீதியைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். ஒட்டரிசி மாவு முதலில் "போதும்" என்பது போலக் காட்டும், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் காய்ந்து நிற்கும்.

இப்போது மாமியாரின் வித்தை. பிசைந்த மாவிலிருந்து எலுமிச்சை அளவு ஒரு கட்டியைக் கிள்ளி, தட்டையாக்கி, கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். மிதந்து வந்ததும் எடுத்து, சூட்டோடு சூடாக மீதி மாவிலேயே போட்டுப் பிசைய வேண்டும். கை சுடும், மரக்கரண்டியால் ஆரம்பித்துக் கையால் முடிக்கலாம். வெந்த அந்தக் கட்டி மொத்த மாவுக்கும் இழுவை கொடுக்கும். இதைச் செய்யாவிட்டால் உருட்டும்போது வெடிப்பு விழுந்துகொண்டே இருக்கும். மாவு சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க உங்கள் காது மடலைத் தொட்டுப் பாருங்கள். அந்த மென்மைதான் பதம். ஓர் உருண்டையை அழுத்தினால் ஓரம் வெடித்தால் ஒரு கரண்டி தண்ணீர், கையில் ஒட்டினால் ஒரு சிட்டிகை மாவு.

மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சிவப்புச் சாயம் நாலைந்து சொட்டு. வெந்ததும் நிறம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் இளஞ்சிவப்பிலேயே நிறுத்திவிடுங்கள். பீட்ரூட் சாறு வேண்டாம், கொதியில் வெளுத்துப்போகும். குழந்தைகள் பச்சை, நீலம் கேட்பார்கள். பண்டான் சாறும் சங்குப்பூத் தண்ணீரும் இருக்கவே இருக்கின்றன. அது விளையாட்டுக்கு. படையலுக்குச் சிவப்பும் வெள்ளையும்தான்.

உருட்டும் ராத்திரி

மேசையில் செய்தித்தாளை விரித்து, நடுவில் பெரிய சுளகு வையுங்கள். மேலே லேசாக மாவு தூவிக்கொள்ள வேண்டும். பிசைந்த மாவு மீது ஈரத்துணி போர்த்தியே இருக்கட்டும், ஒட்டரிசி மாவு காற்றுப் பட்டால் தோல் கட்டும். ஆளுக்கு ஒரு கட்டி. அதை விரல் தடிமனுக்கு நீட்டி, சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கிள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டியதுதான்.

மாமியார் ஒரே தடவையில் மூன்று உருட்டுவார். மூன்று சின்னக் கட்டிகள் அவர் உள்ளங்கையில் முக்கோணமாக உட்கார்ந்திருக்கும். மேல் கை சுற்றுகிற சுற்றில் ஒன்றையொன்று தொடாமல் உருண்டு, மூன்றும் ஒரே அளவில் சுளகில் விழும். பேசிக்கொண்டே, யாருக்கு எப்போது கல்யாணம் என்று விசாரித்துக்கொண்டே செய்வார், கையைப் பார்க்கவே மாட்டார். நம்மால் அது முடியாது, ஒவ்வொன்றாகவே உருட்டலாம்.

சாமிக்கு வைக்கிற கிண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய உருண்டை வேண்டும், மற்றதைப் போல இரண்டு மடங்கு. அதைத் தாய் உருண்டை என்பார்கள். எத்தனை கிண்ணம் என்று முதலிலேயே கேட்டு எண்ணி உருட்டிவிடுங்கள், கடைசியில் மாவு பத்தாமல் போகும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். அவர்களுக்கு வடசீனத்திலிருந்து ஒரு வேலை கடன் வாங்கலாம். தோங்ஜியிலிருந்து ஒன்பது ஒன்பது நாட்களாக ஒன்பது முறை, மொத்தம் 81 நாள் எண்ணினால் குளிர் முடிந்துவிடும் என்பது அங்கத்திய கணக்கு. ஒரு பிளம் மரக்கிளையை வரைந்து, அதில் ஒன்பது பூக்கள், பூவுக்கு ஒன்பது இதழ்கள் போட்டு, வண்ணம் தீட்டாமல் சுவரில் மாட்டுவார்கள். நாளுக்கு ஓர் இதழுக்குச் சிவப்புப் பூச வேண்டும். டிசம்பர் 22இல் தொடங்கினால் மார்ச் 12இல் மரம் பூத்து முடியும். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் அது இருக்கிறது. பினாங்கில் முடிவதற்குக் குளிர் இல்லைதான், அதற்காகப் பிள்ளைகள் ஓர் இதழையும் விட்டுவைப்பதில்லை.

உருட்டியதை அப்படியே இரவில் வைக்க வேண்டுமானால் ஈரத்துணியால் மூடி, விசிறிக் காற்று படாத இடத்தில் வையுங்கள். குளிர்பெட்டியில் திறந்து வைத்தால் காலையில் எல்லாம் வெடித்திருக்கும்.

காலை

படையல் வேலைக்குப் போகுமுன் முடிந்துவிட வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே அடுப்பு பற்ற வேண்டும். ஓர் அடுப்பில் 2 லிட்டர் தண்ணீர். இஞ்சியைத் தோலோடு கழுவி, அம்மிக்குழவியால் ஒரே தட்டாகத் தட்டிப் போடுங்கள். அரைக்க வேண்டாம், தண்ணீர் கலங்கும். பண்டான் இலையை முடிச்சுப் போட்டு இறக்கி, அரை மணி நேரம் சிறு தீயில் விட்டு, கடைசியில் சர்க்கரை சேருங்கள்.

இன்னோர் அடுப்பில் வெறும் தண்ணீர் கொதிக்கட்டும். உருண்டைகளை அதில்தான் வேகவைக்க வேண்டும், நேராக இஞ்சித் தண்ணீரில் போட்டால் கஞ்சியாகிவிடும். வெள்ளை முதலில், சிவப்பு அடுத்து. போட்டதும் அடியில் ஒட்டாமல் கரண்டியின் முதுகால் ஒருமுறை மெல்லத் தள்ளிவிடுங்கள். மிதந்து வந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம். எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, வடித்து, இஞ்சித் தண்ணீரில் சேர்த்துவிடலாம்.

முதல் கிண்ணங்கள் சாமிக்கு, அடுத்தது முன்னோருக்கு. எங்கள் வீட்டில் அடுப்படித் தெய்வத்துக்கு மூன்று கிண்ணம். ஹாலில் மாமனார், அவருடைய அப்பா அம்மா படங்களுக்கு முன்னால் ஆளுக்கு ஒன்று, கூடவே தேநீர், பழம், ஊதுபத்தி. அமாவாசைக்கு இலை போட்டுப் படைத்த வீட்டில் வளர்ந்த எனக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று புதிது. நாம் காக்கா எடுத்ததா என்று பார்ப்போம், இவர்கள் நேராகவே கேட்டுவிடுவார்கள். ஊதுபத்தி பாதி எரிந்ததும் மாமியார் இரண்டு நாணயங்களைக் கையில் குலுக்கி, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுத் தட்டில் போடுவார். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று. இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னும் முடியவில்லை, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்க வேண்டும். சில வீடுகளில் பிறை வடிவ மரக்கட்டைகள் வைத்திருப்பார்கள். மாமனார் உயிரோடு இருந்தபோதே நிதானமாகச் சாப்பிடுகிறவர். நாணயமும் அப்படித்தான் விழுகிறது, பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

அது முடிந்த பிறகுதான் நமக்குக் கிண்ணம். உருண்டை சாப்பிட்டால்தான் ஒரு வயது கூடும் என்பது வழக்கு. பிள்ளைகள் இரண்டு கிண்ணம் கேட்பார்கள். என் நாத்தனார், "போன வருஷ வயசே எனக்குப் போதும்" என்று ஒதுங்கிக்கொண்டு, அப்புறம் அடுப்படியில் நின்று தின்பார். மிகச் சின்னக் குழந்தைகளுக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் உருண்டையை நான்காக வெட்டிக் கொடுங்கள். ஒட்டரிசி தொண்டையில் நின்றால் ஆபத்து.

ராத்திரிச் சாப்பாடு

மாலையில் எல்லோரும் கூடுவார்கள். எங்கள் வீட்டில் கோழி, மீன், கண்டிப்பாக ஜியூ ஹூ சார் என்கிற வதக்கல். செங்குவாங் கிழங்கை நூல் நூலாகச் சீவி, காய்ந்த கணவாயோடு நெடுநேரம் வதக்கி, சாலட் கீரை இலையில் சுருட்டி, மிளகாயும் இறால் விழுதும் இடித்த சம்பல் பெலாச்சானோடு சாப்பிடுவது. கணவாய் போடாமல் காளானோடு ஒரு சட்டி எனக்கும் அம்மாவுக்கும் தனியாக வைப்பார் மாமியார்.

எல்லாச் சீனர் வீட்டிலும் இதே சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஈப்போ, கோலாலம்பூர்ப் பக்கம் கண்டனீஸ் பேசுகிற சீனர்கள் இந்த ராத்திரி விருந்தைப் பெரிதாகச் செய்வார்கள். "தோங்ஜி புத்தாண்டைவிடப் பெரிது" என்பது அவர்கள் பழமொழி. ஹக்கா சீனர் வீடுகளில் உருண்டையே இனிப்பாக இருக்காது. முள்ளங்கி, காய்ந்த இறால், பன்றி இறைச்சி போட்ட உப்புச் சாற்றில் மிதக்கும். சைவக்காரர்கள் அங்கே கேட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தொடுங்கள். வடசீனத்தில் உருண்டையே கிடையாது, மடித்து வேகவைத்த ஜியாவ்ஸி கொழுக்கட்டைதான். அதற்கு ஒரு கதை சொல்வார்கள்: ஹான் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், குளிரில் காது வெடித்துப்போன ஏழைகளுக்கு ஆட்டிறைச்சியையும் மூலிகையையும் காது வடிவத்தில் மாவில் மடித்து வேகவைத்துக் கொடுத்தாராம். பேரரசர்கள் ஆண்ட காலத்தில் அவர்களுக்கும் தோங்ஜி அன்று வேலை இருந்தது. பெய்ஜிங்கில் வானக் கோயில் வளாகத்தில், 1530இல் கட்டிய வட்ட மேடையில் பேரரசர் ஏறி வானத்துக்குப் பலி கொடுக்க வேண்டியிருந்தது. அவர் எத்தனை உருண்டை சாப்பிட்டார் என்று மாமியாரைக் கேட்டால், "அவர் வடக்கத்தி ஆள், அவருக்கு என்ன தெரியும்" என்பார்.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு: ஆரஞ்சுப் பழம் கொண்டு போங்கள், இரட்டைப்படையில். படையல் நடக்கும்போது ஊதுபத்தி பிடிக்க மனமில்லை என்றால் கைகட்டி ஓரமாக நின்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முந்தின நாள் ராத்திரியே கூப்பிட்டால் மட்டும் தட்டாமல் போய்விடுங்கள். உருட்டக் கூப்பிடுவது சாப்பிடக் கூப்பிடுவதைவிட நெருக்கமான அழைப்பு.

மிச்சம் இருந்தால்

வேகவைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழத்துப்போகும். உருட்டி வேகவைக்காதவை மிஞ்சினால், தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி உறைபெட்டியில் வையுங்கள். இறுகியதும் பையில் போட்டுக் கட்டிவிடலாம். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் போட வேண்டும். உருட்டாத மாவு மிஞ்சினால் எனக்குச் சந்தோஷம். கட்டியாகவே வேகவைத்து, எண்ணெய் தடவிய கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, வறுத்துப் பொடித்த நிலக்கடலையிலும் சர்க்கரையிலும் புரட்டுங்கள். தெருக்கடையில் விற்கிற முவா சீ அதுதான். கொஞ்சம் வறுத்த எள்ளும் தூவிக்கொண்டால் மாலைத் தேநீருக்கு ஆயிற்று.